இரண்டு பொட்டலங்கள்

நாச்சிமுத்துவின் மகள் உண்ணாமலைக்கு ஏழு வயது முடிந்திருந்தது. முகத்தைப் பார்க்கமாட்டாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். வாயைத் திறந்தால் எங்கோ கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வாள். சங்ககிரி பஸ்ஸில் ஒருமுறை போய்வந்த பிறகு பல மாதங்களுக்கு "போலாம் ரைட்" மட்டும்தான். சேலத்து டாக்டர், "மூளை வளர்ச்சி கொஞ்சம் மெதுவா இருக்கும்" என்றார். அதற்கு ஒரு பெயர் உண்டா என்று அவரும் சொல்லவில்லை. எண்பத்திரண்டாம் வருஷத்தில் அந்தப் பக்கம் யாருக்கும் தெரியாது. பெயர் வைக்கிற வேலையை ஊர் பார்த்துக்கொண்டது.

பள்ளிக்கூடத்தில் மணிக்குப் பதில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருந்தார்கள். அதை அடித்தால் உண்ணாமலை மணிக்கட்டைக் கடித்துக்கொண்டு அலறுவாள். மற்றபடி மூலையில் உட்கார்ந்து சிலேட்டில் எழுத்தெல்லாம் பிழையில்லாமல் எழுதினாள். ஆனால் மற்ற பிள்ளைகளின் வீட்டுக்காரர்கள் வந்து சத்தம் போட்டார்கள். தலைமையாசிரியர் நாச்சிமுத்துவைக் கூப்பிட்டுவிட்டார்.

"நான் புள்ளய வேண்டாங்கலீங்க. இங்கயே உடறதுன்னா உடுங்க, சமாளிச்சுக்கறோம். ஊட்ல வெச்சு நீங்களே சொல்லிக் குடுக்கறதுன்னாலும் சரி. உங்க சம்சாரம் பத்தாவது வரைக்கும் படிச்சவங்க. என்ன பாடம்னு நான் சொல்லி அனுப்பறேன். திங்கக்கிழமை ஒரு முடிவச் சொல்லிப்போடுங்க."

வீட்டில் இதைச் சொன்னதும் அவன் மனைவி வள்ளியாத்தாள் உலையைப் பார்த்தபடி நின்றாள்.

"பள்ளிக்கூடம் போனா நாலு புள்ளைகளப் பாப்பா. அந்த மணிதான் அவளக் கொல்லுது. ஊட்ல இருந்தா கைல கடிச்ச புண்ணாச்சும் ஆறும். எனக்கு ஒண்ணும் புடிபடல. நீங்க என்ன சொல்றீங்க?"

"ஊட்லயே வெச்சுக்கலாம் புள்ள. நிம்மதி."

"யாருக்குங்க நிம்மதி?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டு வேலைக்குப் போய்விட்டான்.

நிம்மதி அவனுக்குத்தான். தம்பி வேலுமணிக்கு ஒரு இடத்தில் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். லாரி வைத்திருக்கிற பையன், பெண்வீட்டாருக்கும் பிடித்திருந்தது. பள்ளிக்கூடம் பக்கத்து ஊரில்; பெண்ணுடைய பெரியம்மா வீடு அதற்கு நேர் எதிரே. அந்தம்மாள் வாசல் கல்லில் உட்கார்ந்து எந்நேரமும் எதையாவது புடைத்துக்கொண்டிருப்பாள். பேச்சுவார்த்தையில் அவள் கேட்டிருந்தாள்: "வமுசத்துல நோய்நொடி ஏதாச்சும் உண்டுங்களா?" நாச்சிமுத்து, "அப்படி ஒண்ணுமில்லீங்க. எனக்கு ஒரே பொண்ணு, ரெண்டாவது படிக்கறா" என்று சொல்லியிருந்தான். மணியடித்து அலறல் கேட்கிற ஒவ்வொரு முறையும் அந்தம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டு யார் பிள்ளை என்று எட்டிப் பார்ப்பதாக அவனுக்குத் தோன்றும். காட்டில் மண்வெட்டியோடு நிற்கும்போதே முதுகு வேர்த்துவிடும்.

வள்ளியாத்தாள் இரண்டு நாள் யோசித்துவிட்டு, "கருப்பணார் சாமிகிட்டப் பூக் கேட்டுரலாமுங்க" என்றாள்.

அந்தப் பக்கத்தில் கிணறு வெட்டவும், பெண் எடுக்கவும், வழக்குப் போடவும் பூக் கேட்டுத்தான் இறங்குவார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, இன்னொன்றில் செவ்வரளி. சாமி முன்னால் கலைத்துப் போட்டு, விவரம் அறியாத குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வருவதுதான் வாக்கு. வெள்ளை வந்தால் பள்ளிக்கூடம், சிவப்பு வந்தால் வீடு என்று வள்ளியாத்தாள் வேண்டிக்கொண்டாள். அவளே நிறத்துக்கொன்றாக இரண்டு பூவைப் பறித்து வந்தாள்.

பொட்டலம் கட்டுவது பூசாரி வேலை. பூசாரி ராசப்பனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கோயிலுக்குப் பின்னால் வைத்து நாச்சிமுத்துவிடம் நூலை நீட்டி, "தம்பி, நீயே கட்டிக் குடுத்துரு சாமி" என்றார். பின்னாலேயே அரளிச்செடி இருந்தது. நாச்சிமுத்து வெள்ளைப் பூவை வேலிக்குள் எறிந்தான். இன்னொரு சிவப்பைப் பறித்தான். திருட்டு என்று படவில்லை. சாமி சொன்னதாக இருந்துவிட்டுப் போகட்டும், அவ்வளவுதான்.

பொட்டலம் எடுக்க வேறு குழந்தை அன்றைக்கு இல்லை.

"நம்மூட்டுப் புள்ளயே எடுக்கட்டும்" என்றான் கூட வந்திருந்த வேலுமணி. "அவளவிட ஒண்ணுந் தெரியாத கொழந்தைக்கு எங்க போறது?" சொல்லிவிட்டு அவனே சிரித்தான். வள்ளியாத்தாள் சிரிக்கவில்லை.

பூசாரி கலைத்துப் போட்டார். உண்ணாமலை ஒன்றை எடுத்தாள். வள்ளியாத்தாள் வாங்கிப் பிரித்தாள். சிவப்பு.

"ஊட்லயே வெச்சுக்கச் சொல்லுது அய்யன்" என்று பூசாரி கையெடுத்துக் கும்பிட்டார். நாச்சிமுத்துவும் கும்பிட்டான். கன்னத்தில்கூடப் போட்டுக்கொண்டான்.

உண்ணாமலை நகரவில்லை. ஜோடியில் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றதைப் பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. செருப்பானாலும் சரி, தாழ்ப்பாளானாலும் சரி. இரண்டாவது பொட்டலத்தின் நூலைப் பல்லால் அறுத்தாள். உள்ளே இருந்த பூவை எடுத்து, அம்மா கையிலிருந்ததைப் பிடுங்கி, இரண்டையும் கல்லின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அதுவும் சிவப்பு.

"போலாம் ரைட்" என்றாள்.

பூசாரி குனிந்து பூவைத் தொட்டுப் பார்த்தார், முகத்துக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு நாச்சிமுத்து நின்ற பக்கம் திரும்பினார். "நாந்தானுங்க. கண்ணு ஆகல. ரெண்டுலயும் செகப்பையே வெச்சுக் கட்டிப்போட்டனாட்டம் இருக்குது" என்றார்.

"ஏன் பூசாரி, கண்ணு அவிஞ்சு போச்சுன்னா வேற ஆள உட்டுட்டுப் போறது" என்று வேலுமணி எகிறினான். "நாளைக்கு எங்கல்யாணத்துக்கும் இப்படித்தான் கட்டுவியா? சோத்துக்குப் பதிலா சாணியத் திம்பியா?"

அவருக்கு அவன் அப்பனுக்கும் மேலே வயது. தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். நாச்சிமுத்து வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. வேட்டி நுனியில் ஒட்டிய நெருஞ்சியைப் பிடுங்குவதுபோலக் குனிந்துகொண்டான்.

"இன்னொருக்கா கேக்கலாமுங்களா?" என்றார் பூசாரி.

"வேண்டாமுங்க" என்றாள் வள்ளியாத்தாள்.

வேலுமணி வண்டியில் முன்னால் போய்விட்டான். இவர்கள் மூவரும் வரப்பில் நடந்தார்கள்.

"நான் செகப்பு ஒண்ணுதானுங்க பறிச்சேன்" என்றாள் அவள். "வெள்ள எங்க?"

அவன் நடையை எட்டிப் போட்டான்.

"அந்தப் பெரியம்மாளுக்குப் பயந்துட்டுத்தான?"

"வேலுமணி கல்யாணம் முடியட்டும்னுதான்... கொஞ்ச நாளைக்கு..."

"ஏனுங்க, ஊட்லயே வெச்சுச் சொல்லிக் குடுக்கலாம்னு நானே முக்கால்வாசி நெனச்சிருந்தேன். நேரா இதுதான் சங்கதின்னு எங்கிட்டச் சொல்லியிருந்தா சண்ட போட்டிருப்பேன், பொறவு சரின்னுருப்பேன். அவ கைப் புண்ணுக்காச்சும் ஒத்துக்கிட்டிருப்பேன். இனி என்னன்னு வெச்சுக்கறது? நாளைக்கு ஊட்ல உக்காந்து நான் அவளுக்கு ஆனா ஆவன்னா சொன்னாலும் அது ஒளிச்சு வெச்சதுதான்."

அவனுக்குக் கோபம் வரவேண்டும் போலிருந்தது. வரவில்லை.

திங்கட்கிழமை மூவரும் பள்ளிக்கூடம் போனார்கள். மணி அடிக்கும் முன்னமே போய்விட வேண்டும் என்று வள்ளியாத்தாள்தான் அவசரப்படுத்தினாள். தலைமையாசிரியர் வாசலுக்கு வந்து, "என்னங்க முடிவு?" என்றார். வள்ளியாத்தாள் அவன் முகத்தையே பார்த்தாள்.

"காலைல வரட்டுங்க" என்றான். "மத்தியானம் ஊட்ல அவங்கம்மா சொல்லிக் குடுக்கட்டும். மணியடிக்கற நேரத்துக்கு நான் வந்து வெளிய கூட்டீட்டு நின்னுக்கறேன்." அடிக்குரலில், எதிர்வீட்டுக்குக் கேட்காதபடிதான் சொன்னான்.

ஆனால் பியூன் அதற்குள் தண்டவாளத்தில் அடித்துவிட்டான். உண்ணாமலை அலறினாள். எதிர்வீட்டு வாசலில் முறம் நின்றது.

"ஏனுங்க மாப்பளப் பையனூட்டு அண்ணனா அது?" என்று அந்தம்மாள் தெருவைத் தாண்டிக் கூப்பிட்டாள். "அந்தப் புள்ள யாருங்க?"

பிள்ளை அவன் இடுப்பில் தலையை முட்டிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் வள்ளியாத்தாள் நின்றாள். அவளே சொல்லிவிடுவாள் என்று அவன் காத்திருந்தான். அவள் சொல்லவில்லை.

"எம்புள்ளைங்க" என்றான்.

தாமதமாகத்தான் சொன்னான். எவ்வளவு தாமதம் என்று வள்ளியாத்தாளுக்குத் தெரியும்.