தறிக்குழியில் ஒரு புட்டி

எத்தனை முறை குலுக்கினாலும் எண்ணெய் மட்டும் புட்டியின் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மேலே மண்ணெண்ணெயும், ஆஸ்பத்திரியில் மயக்கம் கொடுக்கிற ஈதரும் தெளிந்து நின்றன. நாளைக் காலை பாலாற்று மணலில் எங்கள் சின்ன விமானம் பறந்தாக வேண்டும். என் கட்டைவிரலைவிடக் கொஞ்சமே பெரிய அதன் என்ஜின், என் சிநேகிதன் பாச்சாவின் அத்திம்பேர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. இந்த மூன்றும் ஒன்றாகக் கலந்தால்தான் அதற்கு எரிபொருள்.

“வெறும் விளக்கெண்ணெய் விட்டா உள்ள பிசின் புடிச்சுடறதுடா. பக்குவம் பண்ணின எண்ணெய்னா வழுக்கிண்டு ஓடுமாம், புஸ்தகத்துல போட்டிருக்கான்” என்று பாச்சாதான் ஆரம்பித்தான். “அதுக்கு எங்கடா போறது?”

எனக்குச் சிரிப்பு வந்தது. பிள்ளையார்பாளையத்தில் எந்தச் சாயப்பட்டறையில் இல்லை அது? விளக்கெண்ணெயை அமிலம் விட்டுப் பக்குவப்படுத்தியதுதானே, பட்டில் சாயம் சீராக ஏற ஊற்றும் டர்க்கி ரெட் ஆயில்! எங்கள் வீட்டிலேயே ஒரு டின் கிடந்தது. தண்ணீரில் பால்போலக் கரைகிற எண்ணெய் மண்ணெண்ணெயில் கரையாதா என்ன?

கரையவில்லை. ஈதரைக் கூட்டினால் கரையும் என்று ஊற்றினேன். இன்னும் கொஞ்சம். இன்னும் கொஞ்சம். தித்திப்பான ஆஸ்பத்திரி வாசனை வீடெல்லாம் பரவியது.

“சூட்டுல வெக்காதடா. அதோட ஆவி மேல போகாது, பள்ளத்தப் பாத்துத்தான்...” சைக்கிளில் ஏறிக்கொண்டே பாச்சா சொன்னான்.

“தெரியும், போடா.”

மே மாத வெக்கையில் எங்கள் வீட்டில் குளிர்ந்த இடம் ஒன்றுதான்: நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு உட்காரும் தறிக்குழி. அம்மா மல்லிகைப்பூவையும் மோர்ச்சட்டியையும் அதன் மூலையில்தான் வைப்பாள். அடுப்புக்கும் தூரம். அங்கே உட்கார்ந்து நெய்துகொண்டிருந்த காந்தா அக்காவின் கால்பக்கம் புட்டியை இறக்கினேன். தக்கை மட்டும் சரியாகப் பிடிக்கவில்லை.

“இன்னாடா இது நாத்தம்?”

“ஏரோப்ளேனுக்கு சோறுக்கா. ஒதச்சுடாத.”

“அது பறந்துச்சினா எனக்கும் ஒரு சீட்டு போடு. இந்தப் பொடவைய வுட்டுட்டு ஓடிப்பூடறேன்.”

புழக்கடையில் உட்கார்ந்து இறக்கைக்குப் பசை தடவினேன். உள்ளே தறிச் சத்தம் மெதுவாகிக்கொண்டே வந்தது.

“தூக்கமா வருதுடா கொமாரு. காலு வேற ஜில்லுனு இருக்குதுபா.”

“குழின்னா ஜில்லுனுதான் இருக்கும். வேலையப் பாருக்கா.”

பொழுது சாய்ந்ததும் வழக்கம்போலக் கரண்டு போனது. தறியும் நின்றது. இருட்டில் நெய்ய முடியாது, அதனால்தான் நிறுத்திவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன்.

புழக்கடைக் கதவு வழியே வந்த மங்கல் வெளிச்சத்தில், அக்கா, தன் நெஞ்சுக்கு எதிரே நெய்த புடவை சுருண்டிருக்கும் கட்டையின்மேல் கன்னத்தை வைத்துக் கவிழ்ந்திருந்தாள். குழிக்குள் புட்டி சாய்ந்து கிடந்தது, தக்கையில்லாமல். அதில் செம்பழுப்பு எண்ணெய் மட்டும் மிச்சம்.

பாச்சா சொன்னதன் மிச்சமும் அப்போதுதான் காதில் விழுந்தது: பள்ளத்தில் இறங்கித் தேங்கும், ஒரு பொறி பட்டால் போதும்.

அக்காவின் அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். கால்கள் தறியின் மிதிகட்டையில் சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்றன.

அடுப்படியில் தீக்குச்சி உரசும் சத்தம்.

“அம்மா! வெளக்கு வேணாம்! வராத!”

“உன் ரெக்கைய மெதிச்சுடுவன்னுதான கத்தற? தெனமும் இதே ரோதனை. மெதிக்கலடா, பாத்துதான் வரேன்.”

“இல்லம்மா, அங்கியே நில்லு!”

“அக்கா இருட்டுல குந்திகினு இருக்கறாளேடா...”

சிம்னி விளக்கின் மஞ்சள் வெளிச்சம் அடுப்படிச் சுவரில் அசைந்து, நிலைப்படி தாண்டி, தரையோடு நீண்டது. அக்காவின் கன்னத்துக்கடியில் முந்தானைச் சரிகை இழை இழையாக மின்னத் தொடங்கியது.