சுவர்ப் பக்கம் ஓடிய பந்து

1

இந்தக் கதை ஒரு சண்டையில் தொடங்கியிருக்க வேண்டியது. பக்கத்து வீட்டின் பின்புறத்தில் தரை அமுக்கும் மெஷின் மூன்று நாளாக அதிர்ந்துகொண்டிருந்தது. என் மேசையில் பேனா தானாக உருண்டது. நான் அப்போது எழுதிக்கொண்டிருந்த கதையில் ஒருவன் கடலைப் பார்த்து நிற்பான். நாற்பது பக்கமாக நின்றுகொண்டே இருந்தான். பொறுக்கமாட்டாமல் சட்டையை மாட்டிக்கொண்டு நியாயம் கேட்கப் போனேன்.

கதவைத் திறந்தவளுக்கு ஐம்பது வயதிருக்கும். முழங்கால் வரை கல்தூள். நான் வாயெடுப்பதற்குள், "இன்னும் ரெண்டு நாள் சத்தம் இருக்கும். காதுல பஞ்சு வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிவிட்டாள். நாற்பது பக்கத்தையும் அன்றே மூட்டை கட்டினேன்.

2

எழுதிப் பார்த்த முதல் வரிகள்:

கடல் அன்று வழக்கத்துக்கு மாறாக — (வேண்டாம். கடலுக்குக் கொடுத்தது போதும்.)

பைலட்டுக்கு வாழ்க்கையே கசந்து — (உண்மைதான். ஆனால் நான் பின்தொடர நினைத்தது அவரை அல்ல.)

செயற்கைப் புல் விரிக்கும் அவளை எல்லோரும் புல்லக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

இது நிற்கட்டும்.

புல்லக்காவும் அவள் நாத்தனாரும் சேர்ந்து செய்யும் தொழில் அது. மொட்டைமாடி, பள்ளி மைதானம் என்று எங்கெங்கோ விரித்திருக்கிறார்கள். கோல்ஃப் பந்தை மெல்ல உருட்டிக் குழியில் தள்ளிப் பழகும் பச்சைத் தரை மட்டும் அவளுக்குப் புதிது. அதைக் கேட்டவர் பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சர், ஓய்வு பெற்றவர். அவர் கணவர் பெரிய கப்பல்களில் ஏறி, தரை தட்டாமல் துறைமுகத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தும் பைலட்டாக இருபத்தெட்டு வருடம் இருந்தவர். ஓய்வு நாளென்றால் கோல்ஃப். ஏழு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் போனது. நடந்தால் தேறும் என்றார் டாக்டர். பைலட் ஜன்னலோர நாற்காலியை விட்டு அசையவில்லை. பின்வாசலில் பந்தும் குழியும் இருந்தால் எழுந்து வருவார் என்பது டீச்சர் போட்ட கணக்கு. உப்புக்காற்றில் நிஜப் புல் நிற்காது, அதனால் புல்லக்கா.

பைலட் அதற்கு வைத்த பெயர் 'பிளாஸ்டிக் பாய்'.

3

(கோல்ஃபைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இந்தப் பகுதியில் சரியாக இருப்பதெல்லாம் அவள் சொன்னது.)

கடற்கரை மணலை நம்பி எதையும் வைக்க முடியாது. முழ ஆழம் தோண்டி, துணி விரித்து, ஜல்லி கொட்டி, அதன்மேல் கல்தூள் போட்டு, நனைத்து, அமுக்கி, மறுபடி போட்டு, மறுபடி அமுக்கினார்கள். ரசமட்டம் வைத்து அங்குலம் அங்குலமாகச் சரிவு பார்த்தாள் புல்லக்கா. புல்லை விரித்தாள், ஒட்டினாள், இடுக்குகளில் மணல் தூவிப் பெருக்கினாள். பைலட் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தார். தாள் பல நேரம் தலைகீழாக இருந்ததென்று நாத்தனார் பிறகு சொன்னாள்.

ஐந்தாம் நாள் வேலை முடிந்தது. அன்று காலை நல்ல மழை பெய்து விட்டிருந்தது. நாத்தனார் ஒரு பந்தை உருட்டினாள். பாதி தூரம் ஒழுங்காகப் போன பந்து, திடீரென்று ஏதோ ஞாபகம் வந்ததுபோல் சுவர்ப் பக்கம் திரும்பி ஓடியது. இரண்டாவது பந்தும் அப்படியே.

"கோல்ஃப்னா வளைஞ்சுதானே போகணும், அண்ணி?" என்றாள் நாத்தனார், நம்பிக்கையோடு.

ஜன்னலிலிருந்து குரல் வந்தது. சற்றே குழறிய, ஆனால் அதட்டிப் பழகிய குரல். "தரை இறங்கிடுச்சு."

4

இங்கே ஒரு நண்பரின் யோசனையைச் சொல்லிவிட வேண்டும். வரைவைப் படித்தவர், புல்லக்கா வேண்டுமென்றே சரிவைக் கெடுத்ததாக மாற்றச் சொன்னார். பைலட்டை எழுப்ப ஒரு தந்திரம். ஆசைப்பட்டு எழுதியும் பார்த்தேன்:

அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் ஒரு கைப்பிடி கல்தூளை —

எழுதிய கையோடு அவளிடமே போய்க் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வேலையக் கெடுத்துத்தான் ஒருத்தர நடக்க வைக்கணும்னா, அதுக்கு நான் எதுக்குங்க?"

வரியை அடித்துவிட்டேன்.

5

ஆக, தப்பு நிஜமான தப்பு. டீச்சர் பரவாயில்லை என்றார், பழகுவதற்குத்தானே என்றார். புல்லக்கா கேட்கவில்லை. கத்தியை எடுத்து, ஒட்டிய இடத்தைக் கீறி, புல்லைச் சுருட்டினாள். ஐந்து நாள் உழைப்பு பாயாகச் சுருண்டதைப் பார்க்க முடியாமல் நாத்தனார் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கல்தூள் மேலே ஒழுங்காகத்தான் தெரிந்தது. ரசமட்டம் ஓரிடத்தில் ஒன்று சொன்னது, ஒரு சாண் தள்ளி வேறொன்று சொன்னது. எங்கிருந்து தோண்டுவது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஜன்னலிலிருந்து, இன்னும் இடப்பக்கம், இல்லை, அங்கே இல்லை என்று பைலட் விரட்டிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் பொறுத்தவள் மண்வெட்டியைக் கீழே வைத்தாள்.

"சார், நீங்க பார்க்கிறது எனக்குத் தெரியல. வந்து காட்டுங்க."

"என்னால வர முடியாது."

"சரி. வர்றவரைக்கும் உட்கார்ந்திருக்கேன்."

ஜல்லிமேல் உட்கார்ந்துவிட்டாள். வெயில் ஏறியது. டீச்சர் ஒரு குடையைக் கொண்டுவந்து கொடுத்தார். விரித்துப் பிடித்துக்கொண்டாளே தவிர எழுந்திருக்கவில்லை.

ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. (நான் மதிலுக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்தேன். வெட்கம்தான்.) பின்வாசலில் நான்கு படி. முதல் படியில் டீச்சர் பைலட்டின் தோளைப் பிடித்தார், அவர் உதறினார். கைத்தடி, வலது கால், அப்புறம் இடதை ஒரு மூட்டைபோல் இழுத்து வைப்பது. கல்தூளில் அந்தக் கால் நீளமாகக் கோடு கிழித்துக்கொண்டே வந்தது. மூச்சு வாங்க நின்று, கைத்தடியால் ஓரிடத்தைக் குத்தினார்.

"இங்க. தண்ணி இதுக்கு அடியிலதான் போகுது. மேல பார்த்தா கீழ ஓடுறது தெரியணும்மா, என் வேலையே அதுதான்."

தோண்டினாள். கூரைத் தண்ணீரை வெளியே கொண்டுபோகும் பழைய குழாய் விரிசல் விட்டு, ஒவ்வொரு மழைக்கும் மணலை அரித்துக்கொண்டிருந்தது.

6

குழாயை மாற்றி, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தார்கள். கடைசி நாள் பைலட் கோல்ஃப் மட்டையோடு இறங்கி வந்தார். கைத்தடியை டீச்சரிடம் நீட்டினார். குழி எட்டடி தூரத்தில்.

இரண்டு முடிவுகள் கைவசம் இருக்கின்றன. ஒன்றில் பந்து விழுகிறது. டீச்சர் சமையலறைக்குள் போய் அழுகிறார். இன்னொன்றில் குழியின் விளிம்பைத் தொட்டு விலகிப் போகிறது. பைலட் "இன்னொண்ணு குடு" என்கிறார். இரண்டையும் சுத்தமாகப் படியெடுத்து வைத்திருந்தேன்.

ஆனால் இவ்வளவு தூரம் புல்லக்காவின் கண்ணைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். அவள் அப்போது ஓரத்தில் குந்தி, கன்னம் புல்லில் படும்படி குனிந்திருந்தாள். பார்த்தது பந்தை அல்ல. அவருடைய இடது காலை. பாரத்தை அதன்மேல் மாற்றியபோது குதிகால் அழுந்தியது. தரை துளிகூட இறங்கவில்லை. மட்டை பந்தில் பட்ட சத்தம் கேட்டது. அப்போதும் அவள் தலையைத் தூக்கவில்லை. அந்தக் கால் அடுத்து என்ன செய்யப்போகிறது என்று பார்த்தபடியே இருந்தாள்.

பந்து போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பார்க்க நீங்கள்தான் இருக்கிறீர்கள்.