ஒற்றைக்காதன் பெட்டி

மனைவி இறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று தெரியாமல் சுருண்டு கிடந்தேன். அவளுடைய அண்ணன், எலக்ட்ரீஷியன், ஒருநாள் வந்து என் கையில் கடப்பாறையைத் திணித்தார்.

"எழுந்திரு மாப்ளே. ஒத்தக்காதன் பெட்டியத் தேடலாம்."

ஒற்றைக்காதன் அந்தக் காலத்துக் கொள்ளைக்காரன். நகைப்பெட்டியைக் கல்குவாரியில் புதைத்துவிட்டுத் தூக்கில் தொங்கினானாம். பதினோரு வருடம் தோண்டினோம். மண்ணைத் தவிர ஒரு மண்ணும் கிடைக்கவில்லை. பழைய பம்ப் அறைப் பக்கம் நான் போனால் மட்டும் மச்சான் கத்துவார்.

"அங்க வெறும் பாறை மாப்ளே. இடுப்பு ஒடிஞ்சுடும்."

போன மாதம் அவரும் போய்விட்டார்.

இன்று தனியாக வந்தேன். தடுக்க ஆளில்லாத எரிச்சலில் பம்ப் அறைப் பக்கமே குத்தினேன். பாறையாவது கீறையாவது! முழங்கை ஆழத்தில் பெட்டி இருந்தது.

அதைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப். டேப்பின் நுனி சிறிதாக மடிக்கப்பட்டிருந்தது. மச்சான் எங்கே டேப் சுற்றினாலும் அப்படித்தான் மடித்து விடுவார். "அடுத்துப் பிரிக்கிறவனுக்கு நகம் பிஞ்சிடக் கூடாதுல்ல?" என்பார்.

படுபாவி! எப்போதோ கண்டுபிடித்திருக்கிறார். சொன்னால் எனக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் போகும் என்று வாயைத் திறக்கவில்லை.

உள்ளே வெள்ளி நகைகள் கறுத்துப்போய்ப் பெட்டி நிறையக் கிடந்தன.

"கெடச்சிடுச்சு மச்சான்!" என்று கத்தினேன். குவாரி என் குரலையே திருப்பித் தந்தது.

பெட்டியை மூடி, அதே டேப்பைச் சுற்றி, குழிக்குள் வைத்தேன். நுனியை மடிக்கவில்லை. அடுத்துப் பிரிக்க யாருமில்லை.