ஈர மணலுக்குள் நீல டப்பா

அந்தக் கடற்கரை அழகுதான். இல்லையென்று யார் சொன்னது? மூன்று பக்கமும் சுவர் எழுப்பியதுபோல் பாறை, நடுவில் கைக்குட்டை அகலத்துக்கு மணல், எதிரே நீலமாகக் கடல். படம் எடுத்துப் போட்டால் பார்க்கிறவர்கள் பெருமூச்சு விடுவார்கள். வருஷா வருஷம் நாங்கள் இரண்டு குடும்பமும் கூடாரத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு கடலோரமாக எங்கேயாவது போவோம். இந்த முறை இந்த இடம்தான் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றவர் என் வீட்டுக்காரர். நல்லா இருங்க, மகராசனா இருங்க.

உள்ளே வர ஒரே வழிதான். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை மூக்கைச் சுற்றி, ஈர மணல்மேல் வண்டியை ஓட்டிக்கொண்டு வர வேண்டும். கடல் உள்வாங்கியிருக்கும்போது மட்டும்தான் அந்த மணல் வெளியே தெரியும். நீர் ஏறிவிட்டால் வழி மூடிக்கொள்ளும். மறுபடி வடியும்வரை உள்ளே இருப்பவர் உள்ளே, வெளியே இருப்பவர் வெளியே. போனில் டவரும் கிடையாது. "நிம்மதிடி! ஒருத்தனும் கூப்பிட்டுத் தொல்லை பண்ண மாட்டான்" என்றார் மனிதர்.

இரண்டு குடும்பம் என்றாலும் மொத்தம் ஐந்தே பேர். நான், வீட்டுக்காரர், எங்கள் மகள். அப்புறம் அவருடைய பள்ளிக்கூடத்து நண்பரும் நண்பரின் மனைவியும். நண்பருக்கு ஐஸ் ஃபேக்டரியில் வேலை, அதனால் ஊருக்கே அவர் 'ஐஸ்'. எனக்கு ஐஸ் அண்ணன், என் மகளுக்கு ஐஸ் மாமா. அண்ணி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுத் தைக்கிறவர். அவர்களுக்குக் குழந்தை இல்லை. என் பிள்ளை பாதி நாள் அவர்கள் வீட்டில்தான் சாப்பிடுவாள், நான் லாண்டரி கவுண்டரில் எவனுடைய சட்டைக் கறைக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போது.

மகளுக்குச் சர்க்கரை. பெரியவர்களுக்கு வருகிற மாதிரி இல்லை, சின்ன வயதிலேயே வந்து ஒட்டிக்கொள்கிற ரகம். வேளாவேளைக்கு இன்சுலின் உள்ளே போனால் எல்லாப் பிள்ளைகளையும்போல் ஓடுவாள், ஆடுவாள், எதிர்த்துப் பேசுவாள். போகாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் ஒரே ஒரு தடவை சொன்னார். இன்னொரு தடவை அதைச் சொல்ல நான் அவரை விட்டதில்லை. ஊசிப் பேனா, மாற்றுக் குப்பிகள் எல்லாம் ஒரு நீல டப்பாவில் இருக்கும். சூடு பட்டால் மருந்து கெட்டுவிடும் என்பதால் அதை ஐஸ் பெட்டிக்குள் வைத்துத்தான் கொண்டுவந்திருந்தோம்.

அன்றைக்கு விடியும்போது கடல் நன்றாக உள்வாங்கியிருந்தது. வீட்டுக்காரர் ரொட்டியும் குடிதண்ணீரும் வாங்கிவர வண்டியை எடுத்துக்கொண்டு போனார். நீர் ஏறுவதற்குள் வந்துவிடுவேன் என்றார். வரவில்லை. எவனிடமோ வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருப்பார், அவருக்கு அது புதிதில்லை. அவர் வருவதற்குள் பாறை மூக்கில் அலை அடிக்க ஆரம்பித்துவிட்டது.

மகள் கூடாரத்தைவிட்டு வெளியே வரவே இல்லை. வயிறு வலிக்கிறது என்றாள். வாந்தி எடுத்தாள். நேற்று முழுக்கக் கடலில் ஆட்டம் போட்டாளே, உப்புத் தண்ணீரைக் குடித்திருப்பாள் என்று நினைத்து, "படுடி பேசாம, சொன்னா கேட்டாதானே" என்று திட்டிவிட்டு வெளியே வந்தேன். கொஞ்ச நேரம் கழித்து முகம் துடைத்துவிடக் குனிந்தபோது மூச்சில் டாக்டர் எச்சரித்த அந்த அழுகின பழ வாடை அடித்தது. விரலைக் குத்தி மீட்டரில் வைத்தேன். எண்ணே வரவில்லை. அளவுக்கு மேல் போனால் அது எண் காட்டாது.

ஓடிப்போய் ஐஸ் பெட்டியைத் திறந்தேன். உள்ளே வெதுவெதுவென்று தண்ணீர், அதில் ஒரு எலுமிச்சம்பழம் மிதந்தது. டப்பா இல்லை.

"அண்ணே! நீல டப்பா எங்க?"

ஐஸ் அண்ணன் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றார். திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"பத்திரமா இருக்கு தங்கச்சி. நேத்தே ஐஸ் உருகிப் பெட்டி வெந்நீரா கெடந்துது. மருந்து கெட்டுப்போயிடுமேன்னு விடியக்காலையிலேயே எடுத்து பாட்டிலுங்களோட சேத்து மண்ணுல பொதைச்சுட்டேன். சில்லுனு இருக்கும்."

இது அவருடைய வித்தை. போகிற இடமெல்லாம் ஐஸ் தீர்ந்ததும் கரையோர ஈர மணலில் குழி தோண்டித் தண்ணீர் பாட்டில், ஜூஸ் பாட்டில் எல்லாம் வரிசையாகப் புதைப்பார். அடையாளத்துக்கு ஒரு குச்சி நட்டு அதில் துணி கட்டுவார். "இந்த மாதிரி ஃப்ரிட்ஜ் எந்தக் கடையிலயும் கெடைக்காது" என்பார். நாங்களும் கைதட்டி வாங்கிக் குடிப்போம்.

காட்டுவதற்காகக் கையை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். குச்சி இல்லை. குச்சி நின்ற இடமும் இல்லை. முதல் நாள்தான் பௌர்ணமி. வழக்கமாக நிற்கிற கோட்டைத் தாண்டிக் கடல் மேலே வந்திருந்தது. அவர் கை நீட்டிய பக்கம் முழுக்க முழங்கால் ஆழத்துக்கு நுரையும் தண்ணீரும்.

"ராத்திரி போட்ட ஊசி வேலையே செய்யல அண்ணே" என்றேன். "பேனாவுல இருந்த மருந்து பெட்டியிலேயே வெந்திருக்கு. பிரிக்காத குப்பியில ஒண்ணாவது தாங்கியிருக்கும். புள்ளைக்கு இப்பவே போடணும். எங்க வெச்சீங்க?"

"இங்கதான்" என்று ஓடினார். "இல்ல, இங்க. கூடாரத்துக்கு நேரா... ஐயோ, அந்த வெள்ளைப் பாறைக்கு நேரா வெச்சேனே."

தோண்டினோம். அவர் கையால், அண்ணி குழம்புக் கரண்டியால், நான் சட்டி மூடியால். தண்ணீருக்கு அடியில் குழி தோண்டிப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கை மண்ணை அள்ளுவதற்குள் ஒரு அலை வந்து இரண்டு கை மண்ணைக் கொட்டிவிட்டுப் போகும். அழகாம், கடலாம். என் வாழ்நாளில் எதையும் நான் அவ்வளவு வெறுத்ததில்லை. இடையிடையே கூடாரத்துக்கு ஓடினேன். பிள்ளை ஓடிவந்தவள்போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள், படுத்த இடத்திலேயே. தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன், வாந்தி எடுத்தாள்.

திடீரென்று அண்ணி "கெடச்சுது!" என்று கத்தினார். விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன். ஒரு ஜூஸ் பாட்டில். வரிசை இங்கேதான் இருக்க வேண்டும் என்று மூவரும் அதைச் சுற்றிப் பைத்தியம் பிடித்தவர்கள்போல் தோண்டினோம். ஒன்றுமில்லை. அலை அதை எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்து போட்டிருக்கிறது.

எனக்கு அப்போதுதான் வாய் திறந்தது. திறந்தால் மூடத் தெரியாத வாய்.

"யார் உங்கள எடுக்கச் சொன்னா? தொடுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? பெரிய மேதாவி! சொந்தப் புள்ளையா இருந்தா இப்படி மண்ணுல போட்டுப் பொதைப்பீங்களா?"

அவர் குனிந்து இன்னொரு கை மண்ணை அள்ளினார். அண்ணிதான் பதிலுக்கு வாயைத் திறந்தார்.

"அவரத் திட்டு, நல்லாத் திட்டு. குப்பி, பேனா எல்லாத்தையும் ஒரே டப்பாவுல அடைச்சது யாரு? தனித்தனியா வைன்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க. ரெண்டு பேரும்!" என்றேன்.

அண்ணி கரண்டியை வீசி எறிந்துவிட்டு மணலில் உட்கார்ந்து அழுதார். ஐஸ் அண்ணன் மட்டும் தோண்டிக்கொண்டே இருந்தார். தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்துவிட்டது. மூச்சை அடக்கி உள்ளே முங்குவார், இரண்டு கையிலும் மண்ணோடு எழுவார், பார்ப்பார், கொட்டுவார், மறுபடி முங்குவார். விரல் நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. அதைக் கடல் உடனுக்குடன் கழுவிக்கொண்டிருந்தது.

நான் கூடாரத்துக்குள் போனேன். "அம்மா" என்று கூப்பிடுவாள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. கன்னத்தைத் தட்டினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, யாரோ என்பதுபோல் மறுபடி மூடிக்கொண்டாள். கடல் வடிந்து வழி திறக்கச் சாயங்காலம் ஆகும். அதுவரை இவள் தாங்கமாட்டாள். அது எனக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது.

பாறையில் ஏற வழியில்லை, செங்குத்துச் சுவர். எனக்கு நீச்சல் தெரியாது. அண்ணிக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆளை, என் கண் முன்னால் நிற்காதே என்று சொல்லியாகிவிட்டது.

வெளியே வந்தேன். அவர் முங்கியிருந்தார். எழுந்திருக்கும்வரை நின்றேன். அதற்குமேல் எனக்கு மானம், ரோஷம் ஒன்றுமே மிச்சமில்லை.

"அண்ணே, டப்பாவ விடுங்க. என் புள்ளைய அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேத்துடுங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன்."

"நீ ஏம்மா காலப் புடிக்கிற?" என்று சொல்லி அழுதுவிட்டார். அந்த நேரத்தில் ஆம்பிளை அழுதால் எனக்கு என்ன ஆகும்? "அழறத அப்புறம் அழுவலாம், வாங்க!" என்று கத்தினேன்.

காற்று மெத்தையை எடுத்துவந்தோம். அதன்மேல் மகளைக் கிடத்தி, அண்ணி தன் துப்பட்டாவாலும் என் துப்பட்டாவாலும் அவளை மெத்தையோடு சேர்த்துக் கட்டினார். தையல்காரி முடிச்சு, பிரியாது என்று அவரே சொல்லிக்கொண்டார். ஐஸ் அண்ணன் மெத்தையைத் தள்ளிக்கொண்டு நீந்தினார். பாறை மூக்கருகே ஒரு பெரிய அலை மெத்தையைத் தூக்கிச் செங்குத்தாக நிறுத்தியது. அண்ணி என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நசுங்கிவிட்டது. மெத்தை விழுந்தது, நேராகவே விழுந்தது. அப்புறம் பாறைக்குப் பின்னால் போய்விட்டார்கள்.

அண்ணியும் நானும் நின்றோம். என் பிள்ளையும் அவர் புருஷனும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். அந்தப் பக்கம் வண்டி நிற்க வேண்டுமே, அந்த மனுஷன் டீக்கடையில் உட்காராமல் வண்டியோடு நிற்க வேண்டுமே என்று எந்தெந்தத் தெய்வத்தையெல்லாமோ திட்டிக்கொண்டே வேண்டினேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முதலில் மெத்தைதான் கண்ணில் பட்டது. வெறும் மெத்தை. அண்ணி வீல் என்று அலறினார். அப்புறம்தான் அதன் பின்னால் ஐஸ் அண்ணனின் தலை தெரிந்தது. கரையேறி நாலுகாலில் கிடந்து இருமினார். அண்ணிதான் கேட்டார்.

"வண்டி அங்கயே நின்னுச்சு" என்றார். "தூக்கிப் படுக்க வெச்சுட்டோம். கடைக்காரம்மா ஒருத்தி கூட ஏறியிருக்கா. ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டாங்க."

"கண்ணத் தொறந்தாளா?" என்றேன்.

"வண்டியில ஏத்தும்போது தொறந்தா. பேச்சு கொழறுது. என்னைப் பாத்து, அம்மா என்னத் திட்டுச்சா மாமான்னு கேட்டா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"இல்லடா கண்ணு, அம்மா ஒரு வார்த்தை திட்டலன்னேன்."

பாவி மனுஷன், நல்லது செய்கிறேன் என்று மறுபடியும் என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டாரே. என் பிள்ளை பிறந்ததிலிருந்து நான் அவளைத் திட்டாத நாள் கிடையாது. சாப்பிடாவிட்டால் திட்டு, சாப்பிட்டால் திட்டு, செருப்பைக் கழற்றிப் போட்ட இடத்துக்கு ஒரு திட்டு. ஆஸ்பத்திரியில் முதன்முதலாக அவளுக்குச் சர்க்கரை என்று சொன்ன நாளில் மட்டும்தான் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அன்றைக்குத்தான் அவள் பயந்து அழுதாள்.

"அம்மா திட்டலன்னா என்ன அர்த்தம்னு அவளுக்குத் தெரியுமேண்ணே. செத்துடுவேன்னு நெனைச்சுக்குவா!"

நான் போனை எடுத்து நேற்று தீர்ந்த ரொட்டியின் பிளாஸ்டிக் கவரில் போட்டு முடிந்தேன். இன்னொரு கவரில் போட்டு மறுபடி முடிந்தேன். பல்லில் கடித்துக்கொண்டு மெத்தைமேல் குப்புறப் படுத்தேன்.

"என்ன தங்கச்சி பண்ற? அல எப்படி அடிக்குது பாரு. உனக்கு நீச்சல் தெரியாது!"

கவரைக் கையில் எடுத்துக்கொண்டு, "அந்தப் பக்கம் டவர் கெடைக்கும்ல? தள்ளுங்க" என்றேன்.

மெத்தையோடு திரும்பி வந்த துப்பட்டாக்களால் அண்ணி என்னையும் சேர்த்துக் கட்டினார். ஐஸ் அண்ணனுக்கு உடம்பில் தெம்பே இல்லை, ஆனாலும் தள்ளினார். வழியில் எத்தனை தடவை உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது, எத்தனை தடவை செத்தேன் என்று நினைத்தேன், அதெல்லாம் எதற்கு. மறுபக்கத்து மணலில் உருண்டு விழுந்தேன். ஈர முடிச்சை அவிழ்க்க முடியவில்லை, பல்லால் கிழித்தேன். டவர் இருந்தது. வீட்டுக்காரருக்குப் போட்டேன்.

"ஏங்க, போன அவ காதுகிட்ட வைக்கச் சொல்லுங்க" என்றேன். அவர் என்னவோ சொல்ல வந்தார். "வைக்கச் சொல்லுங்கன்னு சொல்றேன்ல!"

அப்புறம் ஆரம்பித்தேன். "ஏண்டி, வயித்த வலிக்குதுன்னு காலையிலேயே உருப்படியா சொல்லமாட்டியா? துண்டு எங்கடி போட்ட? தண்ணில கெடக்காத, கெடக்காதன்னு எத்தன தடவ கத்தினேன்? காது என்ன அடகுக் கடையிலயா இருக்கு? வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு!" எதிர்ப்பக்கம் வண்டி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைக்காரம்மா "பாப்பா, பாப்பா" என்று எழுப்பிக்கொண்டிருந்தாள். எனக்குத் திட்டத் திட்டக் கண்ணீர் ஊற்றுகிறது, குரலை மட்டும் விடவில்லை. படிக்காததற்குத் திட்டினேன், பல் தேய்க்காததற்குத் திட்டினேன், அவள் அப்பாவின் வம்சத்தையே இழுத்துவைத்துத் திட்டினேன். ஐஸ் அண்ணன் பக்கத்தில் மணலில் கிடந்தபடி, "விடாத, விடாத" என்று கையை ஆட்டினார்.

திட்டுவதற்கு விஷயமே தீர்ந்துபோன சமயத்தில், போனுக்குள் ஏதோ முனகியது.

"கத்தாதம்மா. தல வலிக்குது."

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி போய் நிற்கும்வரை நான் கத்துவதை நிறுத்தவில்லை.