சொட்டு ரத்தம் வரவில்லை

மோகனா ஈரத்துணியால் அப்பாவின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் அலகு குத்திய இடத்துக்கு வந்ததும் சித்தி கையைப் பிடித்துத் தடுத்தார்.

"அங்க தொடாதம்மா. சாமி காரியம், இருக்கட்டும்."

ஜெலுத்தோங்கில் அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியின் கீழ்த்தளக் கூடத்தில் அப்பா தங்கராஜுவைக் கிடத்தியிருந்தார்கள். தைப்பூசத்தன்று காவடி எடுத்தவர், மறுநாள் காலை குடிக்க மைலோ கலக்கும்போது வாய் கோணிச் சரிந்தார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை உறைந்த ரத்தக்கட்டி ஒன்று அடைத்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூன்றாம் நாள் எல்லாம் முடிந்தது.

அம்மா நல்லம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"போன வருஷம் அப்படி ஊத்துச்சுக்கா. இந்த வருஷம் ஒரு சொட்டு ரத்தம் வரல. விரதம் அவ்வளவு சுத்தம்."

கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மோகனாவுக்கு உடம்பு கூசியது.

ஐந்து வருடமாக அப்பாவின் இதயத்துடிப்பு ஒழுங்கில்லை. படபடவென்று அடிக்கும், தடுக்கும், மறுபடி ஓடும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார்கள். நெஞ்சில் மின்சாரம் வைத்துப் பார்த்தார்கள். சீரான துடிப்பு இரண்டு மாதம்கூட நிலைக்கவில்லை. வயரை உள்ளே விட்டு இதயத்தில் சுடும் சிகிச்சைக்கு ஏப்ரலில் தேதி கிடைத்திருந்தது. அதுவரை ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை. டாக்டரிடம் மலாயில் பேசுவதும், டப்பாவில் கிழமைவாரியாக மாத்திரை பிரித்து வைப்பதும் மோகனாவின் வேலை. டப்பாவில் இருப்பதை அப்பா கேள்வி கேட்காமல் விழுங்குவார்.

பாரத்தை டாக்டர் மேல் பாதி, முருகன் மேல் பாதி போட்டவர் அவர். துடிப்பு சரியாக வேண்டுமென்று மூன்று வருடம் அலகுக்காவடி நேர்ந்துகொண்டார். போன வருடம் பூசாரி திருநீறு வைத்து அழுத்தியும் ரத்தம் மார்பு வரை வழிந்தது. "விரதத்துல என்ன கொறையோ" என்று அத்தைமார்கள் முணுமுணுத்தது மோகனாவின் காதிலேயே விழுந்தது. அந்தப் பேச்சு மறுபடி வேண்டாமென்று, இந்த வருடம் பத்து நாள் முன்பே வார்ஃபரினை டப்பாவிலிருந்து எடுத்துவிட்டாள்.

"டாக்டர் நிப்பாட்டச் சொன்னாராம்மா?" என்று அப்பா ஒரே ஒருமுறை கேட்டார்.

"ஆமாப்பா."

டாக்டரிடம் அவள் கேட்கவே இல்லை. கேட்டால் அலகே கூடாது என்பார் என்று தெரியும். பூசத்தன்று இரவே மறுபடி மாத்திரை வைத்தாள். அதற்குள் காரியம் கெட்டுவிட்டிருந்தது. நாலு அத்தைமார் வாய்க்குப் பயந்து அப்பாவைப் பறிகொடுத்துவிட்டோம் என்று நினைக்கும்போது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

வேலு அங்கிள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அப்பாவோடு லாரி ஓட்டியவர். அதே கிளினிக்கில் அதே நோய்க்கு அதே மருந்து வாங்குகிறவர்.

"மோகனா, அலகு வேணாம்னு டாக்டர் சொன்னதால நான் பயந்து கெடந்தேன். அப்பாவுக்கு ரத்தமே வரலைன்னதும் தைரியம் வந்துருச்சு லா. அடுத்த வருஷம் நானும் குத்திக்கப் போறேன்."

தலையை ஆட்டினால் போதும். கொஞ்ச நேரத்தில் பத்து லஞ்சாங் பகுதிச் சுடுகாட்டில் அப்பாவோடு எல்லாம் எரிந்துவிடும். ஒருவருக்கும் தெரியாது. மோகனா துணியைக் கீழே வைத்தாள்.

"வேணாம் அங்கிள். ரத்தம் வராததுக்குச் சாமி காரணமில்ல. வார்ஃபரின நான்தான் நிப்பாட்டினேன்."

"டாக்டர் சொல்லித்தானே?"

"இல்ல. டாக்டர கேக்கல. அப்பாகிட்ட பொய் சொன்னேன். அதான் ரத்தம் கட்டி ஆயிருச்சு."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனாலும் அம்மா பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டார். அத்தைமார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலு அங்கிள் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

காரியம் நடத்த வந்திருந்த பண்டாரம் எதையும் கவனிக்காமல் கூப்பிட்டார். "மக வாங்கம்மா. வாய்க்கரிசி போடணும்."

மோகனா ஒரு பிடி அரிசி எடுத்துக்கொண்டு வந்தாள். அப்பாவைச் சுற்றிப் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. கைக்குள் அரிசி வேர்வையில் நனைந்தது.

அம்மா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, தரையில் கையை ஊன்றி, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.