மூச்சுப் பை

"வாயால சொன்னா செய்ய மாட்டேன் சிஸ்டர். போன மாசம் வாயால சொன்னதைச் செஞ்சதுக்குத்தான் என்னை வராண்டாவுல நிக்க வச்சிக் கேள்வி கேட்டாங்க."

"இப்ப அதுவா காசிம்மா முக்கியம்? என் கை மரத்துப்போச்சு. கொஞ்ச நேரம் புடி."

"டிரிப்பு பாட்டில மாத்துன்னு சொன்னது யாரு? நீங்க. டிரிப்பு ஏறுன ஆளுக்குக் கை வீங்கிப்போயி பெரிய டாக்டரு கேட்டப்ப, 'அவளா மாத்திட்டா, எனக்குத் தெரியாது'ன்னு சொன்னது யாரு? அதுவும் நீங்க."

நர்ஸ் அருள்மொழி ரப்பர் பையை அழுத்தினாள். அதன் முனையிலிருந்த மாஸ்க் கட்டிலில் கிடந்தவனின் வாயையும் மூக்கையும் மூடியிருந்தது. மார்பு எழுந்தது. கையைத் தளர்த்தினாள், மார்பு தாழ்ந்தது. அவனுடைய மூச்சு முழுவதும் இப்போது அவள் விரல்களுக்குள் இருந்தது.

அவன் பெயர் சின்னக்கண்ணு. இட ஒதுக்கீடு கேட்டு நடந்த மறியலுக்காக விடியற்காலையில் சேலம் ரோட்டுப் புளியமரத்தை வெட்டிச் சாய்த்தவர்களில் ஒருவன். மரத்தின் பொந்திலிருந்த நல்ல பாம்பு மணிக்கட்டில் கொத்திவிட்டது. முதலில் இமைகள் விழுந்தன, பிறகு நாக்கு குழறியது, பிறகு மூச்சு நின்றது. ஆஸ்பத்திரியில் இருந்த விஷமுறிவு மருந்து முழுவதையும் ஏற்றியாகிவிட்டது. அது வேலை செய்யும்வரை யாராவது பையை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாமென்றால், ரோட்டின் குறுக்கே அவன் வெட்டிய மரமே கிடந்தது.

டாக்டர் திருக்கோவிலூரில் மாட்டிக்கொண்டிருந்தார். டியூட்டி மாற்ற வேண்டிய நர்சும் வரவில்லை. பஸ் சத்தமில்லாத கள்ளக்குறிச்சி, கடலில் கயிறு அறுத்துக்கொண்டு போன படகுபோல எங்கோ மிதப்பதாக அருள்மொழிக்குத் தோன்றியது. ஜன்னலில் கல்வராயன் மலை மட்டும் மழை மேகத்தைப் போர்த்திக்கொண்டு அசையாமல் நின்றது. வடக்கனந்தல் காலனியிலிருந்து வரப்பு வழியாக நடந்தே வேலைக்கு வந்தவள் வார்டு ஆயா காசியம்மாள் ஒருத்திதான்.

வாசலில் நின்ற சின்னக்கண்ணுவின் அண்ணன் ராமசாமி உள்ளே வந்தார்.

"பாப்பா, நீ மணலூர்பேட்டைப் பொண்ணுதான? நம்ம பொண்ணுன்னு ஒன்ன நம்பித்தான் தூக்கியாந்தோம். இவ கையி எந்தம்பி மூஞ்சில படக்கூடாது."

காசியம்மாள் சிரித்தாள். "பாருங்க சிஸ்டர். நான் தொட மாட்டேங்கறேன், அவரு தொடாதங்கறாரு. இந்த ஊருல எங்க ரெண்டு பேருக்கும் இன்னிக்குத்தான் ஒரே பேச்சு."

"வாய மூடு."

"நேத்து எங்க மாட்டுக்கொட்டாயக் கொளுத்த வந்தப்ப நீங்கல்லாம் வாய மூடிக்கினா வந்தீங்க? கத்திக்கினுல்ல வந்தீங்க."

"கொளுத்துனது எவன்னு எனக்குத் தெரியாது. நாங்க ரோட்டுல ஒக்காந்தது, எங்க புள்ளைங்களும் நாளைக்கு ஆபீசுல ஒக்காரணும்னு."

"ஒக்காருங்களேன். யாரு வேணாம்னா? அதுக்கு எங்க மாடு இன்னா பண்ணுச்சி?"

"ரெண்டு பேரும் நிறுத்துங்க!" என்று அருள்மொழி கத்தினாள். கத்தியதில் விரல் ஒரு கணம் தவறியது. மார்பு எழவில்லை. மறுபடி அழுத்தினாள்.

பக்கத்துப் பிரசவ அறையிலிருந்து அலறல் கேட்டது. மலையிலிருந்து வந்திருந்த பெரியம்மாள். காசியம்மாள் போய் எட்டிப்பார்த்துவிட்டு வந்தாள்.

"தல தெரியுது."

பிரசவத்தை அருள்மொழிதான் பார்க்க வேண்டும்; அதை யாரிடமும் கொடுக்க முடியாது. பையைக் கொடுக்கலாம். கடலூரில் பயிற்சியின்போது சொல்லிக்கொடுத்தார்கள்: வேலையைப் பிறருக்குக் கொடுக்கலாம், அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பைக் கொடுக்க முடியாது. இந்த ஆஸ்பத்திரியில் வழக்கம் வேறு. இங்கே எல்லா உத்தரவும் வாயோடு போகும். நன்றாக முடிந்தால் அது சிஸ்டருடைய வேலை, கெட்டுப்போனால் ஆயா தானாகச் செய்தது. வந்த புதிதில் அருள்மொழிக்கு இது அருவருப்பாக இருந்தது. பிறகு வசதியாகப் போய்விட்டது.

காசியம்மாளுக்குப் பையைப் பிடிக்கத் தெரியும். பூச்சிமருந்து குடித்த ஒருத்தியை முன்பிருந்த சிஸ்டருடன் சேர்ந்து அவள் காப்பாற்றியிருக்கிறாள். அருள்மொழிக்கு அது தெரியும். அவளிடம் தணிந்து ஒரு வார்த்தை பேச வேண்டும். ராமசாமியிடம் நிமிர்ந்து ஒரு வார்த்தை பேச வேண்டும். இரண்டுக்கும் அவள் நாக்குக் கூசியது.

"நீங்களே புடிங்க மாமா" என்று ராமசாமியின் ஒரு கையை மாஸ்க்கின்மேலும் மற்றதைப் பையின்மேலும் வைத்தாள். "நீங்க விடற மூச்சைப் பாருங்க. அந்த அளவுக்கு மெதுவா அமுக்கி விடுங்க. வேகம் கூடாது."

"இவ்ளோதானா?" என்றார் ராமசாமி.

காசியம்மாள் அதைப் பார்த்தாள். பழந்துணி மூட்டையை எடுத்துக்கொண்டு பிரசவ அறைக்குள் போனாள்.

குழந்தை சீக்கிரமே வந்துவிட்டது. பெண். வழுக்கிக்கொண்டு அருள்மொழியின் கைக்குள் விழுந்து, உடனே கோபத்தோடு அழுதது. தானாக மூச்சுவிட முடிந்த ஓர் உயிரைக் கையில் வைத்திருப்பது அவளுக்கு வினோதமாக இருந்தது. தொப்புள்கொடியை வெட்டிக் காசியம்மாளிடம் கொடுத்தாள். நஞ்சுக்கொடி இன்னும் வரவில்லை.

குழந்தையைத் துடைத்துப் பாட்டியிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போன காசியம்மாள், வார்டு வாசலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"சிஸ்டர், உங்காளுக்கு வவுறு பானையாட்டம் ஊதிக்கினு வருது. சொல்றது என் வேல. சொல்லிட்டேன்."

அருள்மொழி ஓடினாள். ராமசாமி சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோல வேகவேகமாக அழுத்திக்கொண்டிருந்தார். காற்று நெஞ்சுக்குப் போகாமல் வயிற்றுக்குப் போயிருந்தது. மாஸ்க்கை எடுத்ததும் வாந்தி பொங்கியது. தலையை ஒருபக்கம் திருப்பி, குழாயை விட்டு உறிஞ்சி எடுத்தாள். சின்னக்கண்ணுவின் உதடுகள் நாவற்பழம் தின்றவன் உதடுகள்போல நீலம் பாரித்திருந்தன. மறுபடி மாஸ்க்கை வைத்து அழுத்தினாள். ஒன்றுமில்லை. தாடையைத் தூக்கிப் பிடித்து அழுத்தினாள். மார்பு எழுந்தது.

ராமசாமி சுவரோடு ஒட்டி நின்றார். "நீ சொன்ன மாதிரிதாம்மா பண்ணேன்" என்றார்.

சின்னக்கண்ணுவைத் தூக்கிவந்த ஆட்கள் வராண்டாவில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அருள்மொழி அவர்களைப் பார்த்தாள். யாரும் திரும்பவில்லை.

"அம்மா!" பிரசவ அறையிலிருந்து பெரியம்மாளின் மாமியார் கத்தினாள். "ரத்தம் நிக்கல, ஓடியாங்க! பொண்ணு கண்ண சொருவறா!"

அருள்மொழியின் கை அழுத்தியது, விட்டது. அந்தக் கை இந்தக் கட்டிலிலிருந்து நகர்ந்தால் இவன் போவான். நகராவிட்டால் அவள் போவாள்.

"காசிம்மா, புடிங்க. எல்லார் முன்னாடியும் சொல்றேன், நான்தான் புடிக்கச் சொன்னேன். என்ன ஆனாலும் டாக்டருக்கு நான் பதில் சொல்றேன்."

பின்னாலேயே வந்து வாசலில் நின்ற காசியம்மாள் அசையவில்லை. "டாக்டரு கேப்பாருன்னா பயப்படறேன்? எங் கையில இருக்கறப்ப இந்தாளு செத்தா கேக்கறது இவங்க. இங்க கேக்க மாட்டாங்க. எங்க தெருவுக்கு வந்து கேப்பாங்க. நேத்து மாட்டுக்கொட்டா. இனிமே வூடு. எம் பொண்ணு உள்ள தூங்கிக்கினு இருப்பா. அங்க வந்து நீங்க பதில் சொல்வீங்களா சிஸ்டர்?"

அருள்மொழி ராமசாமியின் பக்கம் திரும்பினாள். "மாமா, சொல்லுங்க" என்றாள். "என்னைப் பாக்காதீங்க. அவங்களைப் பாத்துச் சொல்லுங்க."

ராமசாமி வராண்டாவைப் பார்த்தார். அங்கே நின்றவர்கள் இப்போது உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தோள் துண்டைச் சரிசெய்தார். பிறகு அதை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"செத்தா எங்க விதின்னு போயிடறோம்" என்றார் தரையைப் பார்த்து.

"கேக்கல" என்றாள் காசியம்மாள்.

"அம்மா, ஓடியாங்க!" என்று உள்ளேயிருந்து மறுபடி குரல் வந்தது.

ராமசாமி தலையை நிமிர்த்தினார். வராண்டாவில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"ஒன் தெருவுக்கு ஒருத்தனும் வராம நான் பாத்துக்கறேன். எந்தம்பிக்கு ரெண்டும் பொட்டப் புள்ளைங்க. நீ வந்து புடிம்மா."