பத்து வாட்

"அந்தப் பக்கம் இல்ல, எதிர்ப்பக்கம் திருப்பு," என்றான் தோர்கிரிம். "இடது பெடலுக்கு மட்டும் மரை தலைகீழா இருக்கும்."

"இத முதல்லயே சொல்லியிருக்கலாம்."

"நீ எவ்வளவு நேரம் போராடுறேன்னு பாத்துட்டிருந்தேன்."

விக்டிஸ் ஸ்பானரை மாற்றிப் பிடித்துத் தன் எடை முழுவதையும் அதன்மேல் சாய்த்தாள். பெடல் ஒரு முனகலோடு இளகியது. கீழ்த்தளத்தில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் விறகு அடுக்குக்கும் நடுவே, மலைச் சைக்கிள் ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. தோர்கிரிம் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, தலைமை தாங்கிக்கொண்டிருந்தான். பிப்ரவரியில் கொட்டகைக் கூரையிலிருந்து பனியை வாரிக்கொண்டிருந்தபோது அவனுக்கு மாரடைப்பு வந்தது. மார்பைத் திறந்து அறுவை செய்தார்கள். மூன்று மாதம் எதையும் தூக்கவோ முறுக்கவோ கூடாது என்றார் டாக்டர். அதை விக்டிஸ் தன் போக்கில் ஆறு மாதமாக்கியிருந்தாள். இப்போது மே மாதக் கடைசி. அதனால்தான் ஸ்பானர் அவள் கையில் இருந்தது.

கணவனுடைய சைக்கிளை அவள் தொடுவது இதுவே முதல் தடவை. இருபது வருடமாக அதன்மேல் அவளுக்கு ஒரு சக்களத்தி மனப்பான்மை உண்டு. ஆனால் கை அவளுக்குத் துல்லியமானது. பல் மருத்துவமனையில் முப்பது வருட உதவியாளர். சின்னத் திருகாணிகளும் குறுகிய இடுக்குகளும் அவளுக்குப் புதிதல்ல.

பெடலைத் தாங்கும் இடது தண்டை, கிராங்க் என்று அவன் சொன்னதை, கழற்ற இரண்டு திருகாணிகளைத் தளர்த்த வேண்டியிருந்தது. பிறகு ஒரு பிளாஸ்டிக் மூடி. தண்டு கையோடு வந்தது. கடையிலிருந்து வந்த அட்டைப்பெட்டிக்குள் இருந்த புதுத் தண்டும் பார்க்க அதேபோலத்தான் இருந்தது. உட்புறத்தில் மட்டும் தீப்பெட்டியில் பாதி அளவுக்கு ஒரு கறுப்புப் பொட்டலம் ஒட்டியிருந்தது. கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அது வாட் கணக்கில் சொல்லும். அதுதான் பவர் மீட்டர்.

அது வேண்டும் என்று சொன்னது மறுவாழ்வு மையத்தில் பயிற்சி கொடுத்தவர். தோர்கிரிம் சாப்பிடும் மாத்திரைகள் நாடித்துடிப்பை அமுக்கி வைத்துவிடும். துடிப்பை நம்பி உழைப்பை அளக்க முடியாது. காலின் வேலையையே அளந்துவிடலாம், முதல் இரண்டு மாதம் நூற்றிருபது வாட்டைத் தாண்ட வேண்டாம் என்றிருந்தார். அந்த எண்ணைக் கேட்ட பிறகுதான் விக்டிஸ் கீழ்த்தளத்தின் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"முப்பத்தஞ்சு வருஷம் கம்பத்துல ஏறி இந்தப் பள்ளத்தாக்குக்கே கரண்டு குடுத்திருக்கேன்," என்றான் தோர்கிரிம். "இப்ப எனக்கு மீட்டர் மாட்டுறாங்க."

"அச்சுல கிரீஸ் போடணுமா?"

"கொஞ்சமா. நீ ரொட்டிக்கு வெண்ணெய் தடவுற மாதிரி தடவாதே."

அவள் தடவினாள். புதுத் தண்டைப் பள்ளங்கள் பொருந்தும்படி அச்சில் ஏற்றி, மூடியை விரல் பலத்தில் மட்டும் திருகினாள். குறித்த இறுக்கம் வந்ததும் தானே 'டிக்' என்று சொல்லும் ரெஞ்சை அவன் எடுத்து நீட்டினான். இரண்டு திருகாணிகளையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கச் சொன்னான். முதல் 'டிக்' கேட்டதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் தலையாட்டினான். இரண்டாவது 'டிக்' கேட்டதும் அவளுக்கே சிரிப்பு வந்தது. தண்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் உரசல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு தாளை மடித்து விட்டுப் பார்த்தார்கள். தாள் தடைபடாமல் போய் வந்தது. பெடலையும் திரும்ப மாட்டினாள்.

சைக்கிளைத் தரையில் இறக்கி, தண்டு நேர் கீழே தொங்கும்படி நிறுத்தி, கைப்பிடியில் இருந்த சின்னக் கணினியில் பொத்தானை அழுத்தினார்கள். மீட்டர் தன் பூஜ்யத்தைக் கண்டுகொண்டது.

"அலாரத்த நூத்தியிருபதுல வச்சுடு, தாண்டினா கத்தட்டும்," என்று சொல்லிவிட்டு அவன் கை கழுவ மேலே போனான்.

விக்டிஸ் எண்களை அழுத்தினாள். ஒன்று, இரண்டு, பூஜ்யம். சேமிக்கவா என்று திரை கேட்டது. கொட்டகைக்குப் பக்கத்தில் பனியில் முகம் புதைந்து கிடந்தவனை அவள் புரட்டிப் போட்ட அந்தக் காலை நேரம் ஞாபகத்துக்கு வந்தது. அவள் நடு எண்ணை அழித்துவிட்டு ஒன்றை வைத்தாள். நூற்றிப்பத்து. சேமித்தாள். மேலே குழாய் மூடும் சத்தம் கேட்டது.

ஒரு மணிக்கு அவன் கிளம்பினான். அணை வரைக்கும் போய்விட்டுத் திரும்பிவிடுவேன் என்றான். ஈரல் விழுது தடவிய ரொட்டி இரண்டு துண்டு பையில் வைத்துக் கொடுத்தாள். "நூத்தியிருபதத் தாண்டினா எனக்குத் தெரிஞ்சுடும்," என்றாள். "உனக்கு எல்லாம் தெரியும்," என்று அவன் சொல்லிவிட்டு, வாசல் சரிவில் மிதிக்காமலே உருண்டு இறங்கினான்.

பிப்ரவரிக்குப் பிறகு வீடு அவளுக்கு மட்டும் என்று கிடைத்தது அன்றைக்குத்தான். அது அவளுக்குப் பிடித்திருந்தது. காப்பி போட்டாள். ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். சமையலறை ஜன்னலை உள்ளும் புறமும் துடைத்தாள். எதிர்மலையில் பனி மேல்பாதியில் மட்டும் மிச்சமிருந்தது.

நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வாசலில் பாதிரியாரம்மா நின்றிருந்தார். சாதாரண மழைச்சட்டைதான் போட்டிருந்தார். கழுத்துப்பட்டைகூட இல்லை. விக்டிஸுக்கு அவரைத் தெரியும். மேல்வரிசையில் இடது பக்கம் ஒரு பல்லுக்குத் தொப்பி போட்டுக்கொண்டவர். இந்தப் பக்கங்களில் சாவுச் சேதியை வீட்டுக்குக் கொண்டுவருவது பாதிரியார்தான் என்பதும் அவளுக்குத் தெரியும். பாதிரியார் வாயைத் திறக்கும் முன்பே அவள் போய் ரேடியோவை நிறுத்திவிட்டு வந்தாள்.

தோர்கிரிம் அணைக்கரை பெஞ்சில் உட்கார்ந்தபடி இருந்திருக்கிறான். நாயோடு நடக்க வந்த ஒரு பெண், தூங்குகிறான் என்று முதலில் கடந்து போயிருக்கிறாள். திரும்பி வரும்போது சந்தேகப்பட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் வந்தபோது செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. ரொட்டி ஒரு துண்டு சாப்பிட்டிருந்தான்.

மருத்துவ நிலையத்தில் அவனைத் தனி அறையில் கிடத்தி, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றி, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தார்கள். நெற்றியில் ஹெல்மெட் அழுத்திய கோடு இன்னும் இருந்தது. விக்டிஸ் அதைக் கட்டைவிரலால் நீவினாள். போகவில்லை.

யோருன் வந்தபோது அவளோடு தொழுவத்தின் வாசனையும் வந்தது. தோர்கிரிமின் அக்கா. பள்ளத்தாக்கின் கீழே ஆட்டுப்பண்ணை வைத்திருப்பவள். ஆடுகள் குட்டி போடும் காலம். மூன்று வாரமாக அவள் சேர்ந்தாற்போல் தூங்கியதில்லை. வேலைச் சட்டையோடே வந்திருந்தாள். விரல்களில் அயோடின் கறை. தம்பியின் காலடியில் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"ஆறாத நெஞ்சோட இருக்கறவன வண்டியில ஏத்தி விட்டிருக்க," என்றாள். குரல் உயரவில்லை. "அந்த மீட்டர நீயே உன் கையால மாட்டிக் குடுத்திருக்க."

யோருன் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு ஆடு காலையிலிருந்து முக்கிக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மகள் இங்வில்ட் ட்ரொன்ஹைமிலிருந்து ஐந்து மணி நேரம் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு அன்று இரவே வந்து சேர்ந்தாள். அப்பா எந்தப் பாதையில் போனார் என்று அவள் கேட்டாள். அணைப் பாதை என்றாள் விக்டிஸ். யோருன் சொன்னதை அவள் மகளிடம் சொல்லவில்லை. தான் வைத்த எண்ணையும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, நாய்க்காரப் பெண்ணின் கணவர் சைக்கிளைத் தன் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். எங்கே வைக்க என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்று, கடைசியில் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டு போனார். கைப்பிடியில் கணினி இருந்தது. விக்டிஸ் தொட்டதும் திரை விழித்தது. பயணம் நின்றிருக்கிறது, தொடரவா, முடிக்கவா என்று கேட்டது.

அவள் அதை இங்வில்டிடம் கழற்றிக் கொடுத்தாள். இங்வில்ட் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, முடித்தாள்.

அடுக்களை மேஜையில் மடிக்கணினியைத் திறந்து அந்தப் பயணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது யோருன் உள்ளே வந்தாள். மருத்துவ நிலையத்தில் கொடுத்த, அவன் உடுப்புகள் இருந்த காகிதப் பையை நடையில் வைத்தாள். காப்பி வேண்டுமா என்று விக்டிஸ் கேட்க, வேண்டும் என்றாள். உட்காரவில்லை. கோப்பையோடு இங்வில்டின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

திரையில் ஒரு கோடு ஏறி இறங்கிப் போனது. எண்பது, தொண்ணூறு, எண்பத்தைந்து. ஆற்றோரச் சமதளம். மரம் அறுக்கும் ஆலை தாண்டியதும் முதல் ஏற்றம். கோடு நூற்றிப்பத்தைத் தொட்டு, அப்படியே பூஜ்யத்துக்கு விழுந்தது.

"இங்க நின்னுட்டாரா?" என்றாள் விக்டிஸ்.

"நிக்கல. வேகத்தப் பாரும்மா. மணிக்கு மூணு கிலோமீட்டர். பெடல் சுத்தல, ஆனா வண்டி போகுது." இங்வில்ட் விரலால் அந்த இடத்தைக் காட்டினாள். "இறங்கித் தள்ளியிருக்காரு."

"அவனா?" என்றாள் யோருன்.

பதினாலு வயதில் முதல் சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து தோர்கிரிம் எந்த ஏற்றத்திலும் இறங்கியதில்லை. இறங்கித் தள்ளுகிறவர்களுக்கு அவன் வைத்திருந்த பெயரைச் சபையில் சொல்ல முடியாது.

ஏற்றம் முடிந்ததும் கோடு மறுபடி தொண்ணூறுக்கு வந்தது. இரண்டாவது ஏற்றத்திலும் அதேபோல. மூன்றாவதில் நூற்றிப்பன்னிரண்டு தொட்டு உடனே விழுந்திருந்தது. அப்புறம் அணை. அங்கே வேகமும் பூஜ்யமாகி, பதிவு நின்றுவிட்டது.

இங்வில்ட் அமைப்புகளைத் திறந்தாள். "அலாரம் நூத்திப்பத்துல இருக்கே. நூத்தியிருபதுன்னுதான அப்பா போன்ல சொன்னாரு?"

விக்டிஸ் மேஜைமேல் கையை விரித்து வைத்தாள். நகக்கண்ணில் கிரீஸ் இன்னும் கறுப்பாக இருந்தது.

"நான்தான் வச்சேன். அவர் கை கழுவப் போனப்போ." திரையைப் பார்த்து, "மூணு ஏத்தம் தள்ளியிருக்காரு. அந்த மண் ரோட்டுல தள்ளுறது மிதிக்கறதவிடக் கஷ்டமா இருந்திருந்தா? அத அந்த மீட்டர் அளக்காது இல்ல?"

இங்வில்ட் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பத்து வாட்டால் ஒன்றும் ஆகியிருக்காது என்றாள். டாக்டரையே கேட்கலாம் என்றாள். விக்டிஸ் தலையை ஆட்டினாள், கேட்டதாகத் தெரியவில்லை.

யோருன் கோப்பையை வைத்தாள்.

"அவனுக்குத் தெரியும்," என்றாள்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கிளம்புறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணான். நான் தொழுவத்துல ஒரு குட்டிய இழுத்துட்டிருந்தேன், போன ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பேசினேன். 'விக்டிஸ் எங்கிட்டருந்து பத்து வாட் திருடிட்டா, நான் கவனிக்கலன்னு நெனச்சுட்டிருக்கா'ன்னான். மாத்திக்க வேண்டியதுதானடான்னேன். மாத்தினா அவளுக்குத் தெரிஞ்சுடும், பத்துதான, அவகிட்டயே இருக்கட்டும்னான்."

ஃபிரிட்ஜ் ஓடி நின்றது.

"எப்படிச் சொன்னாரு?" என்றாள் விக்டிஸ்.

"சிரிச்சுட்டுத்தான்."

யோருன் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "நேத்து உன்கிட்ட அந்தப் பேச்சு பேசினப்போ இது எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் பேசினேன்."

விக்டிஸ் எழுந்து அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள். யோருன் அதைத் தொடவில்லை. நடைக்குப் போய், மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, காகிதப் பையைப் பிரித்தாள். மேலாக இருந்த ஜெர்கினை எடுத்து மடித்து வைத்தாள். அடியில் ஷூக்கள் இருந்தன. பெடலில் பொருந்துவதற்காக அடியில் இரும்புத் துண்டு வைத்த ஷூக்கள். நடக்க ஏற்றவை அல்ல. அந்த இரும்பைச் சுற்றிலும் மண்ணும் பொடிக்கல்லும் இறுகி அடைத்துக் காய்ந்திருந்தன.

யோருன் தரையில் ஒரு செய்தித்தாளை விரித்தாள். சட்டைப் பையிலிருந்து ஆட்டுக் குளம்பு சீவும் கத்தியை எடுத்து, ஒரு ஷூவைத் தொடையில் வைத்து நோண்டத் தொடங்கினாள். அவசரப்படவில்லை. கற்கள் ஒவ்வொன்றாகத் தாளில் விழுந்தன.

விக்டிஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். படி இரண்டு பேருக்குக் குறுகலாக இருந்தது. யோருன் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். வெகுநேரம் கழித்து, நிமிராமலே கையை நீட்டினாள். விக்டிஸ் மற்ற ஷூவை எடுத்துக் கொடுத்தாள்.